சாமி நம்பிக்கை இல்லாதவனுக்கு அந்த மீட்டிங் எதுக்கு சார்?

வாசகர் கடிதம்:

சார், எனக்கு வயசு 39. பதினாறு வருஷமா குடிச்சேன், அதுல கடைசி ஆறு வருஷம் ஒருநாள் விடாம. உடம்புல இருந்து குடியை இறக்கற டீடாக்ஸ் சிகிச்சை முடிச்சு வெளிய வந்து இன்னைக்கு 74-வது நாள். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார், கூடவே ஏஏ மீட்டிங் போகச் சொன்னார், அதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கற கூட்டம். மூணு தடவை போனேன். எனக்கு சின்ன வயசுல இருந்தே கடவுள் நம்பிக்கை கிடையாது. அங்க போனா 'உயர்சக்தி'ங்கறாங்க, 'ஒப்படைச்சிடு'ங்கறாங்க, கடைசியில எல்லாரும் எழுந்து நின்னு பிரார்த்தனை பண்றாங்க. நான் வாயை மட்டும் அசைச்சிட்டு நின்னேன், நடிக்கிற மாதிரி இருந்துச்சு. இன்னொன்னு, அவங்க குடிச்ச கதையை கேட்கக் கேட்க எனக்கும் குடிக்கணும்னுதான் தோணுது. மூணாவது தடவை பாதியிலயே எழுந்து வந்துட்டேன். வாசல்ல ஒரு பெரியவர் பின்னாடியே வந்து துண்டு பேப்பர்ல போன் நம்பர் எழுதிக் கொடுத்தார், அது பர்ஸ்ல அப்படியே கிடக்கு. வீட்டுக்கு போனா என் மனைவி இன்னமும் கிட்ட வந்து மோந்து பார்க்கறா, எனக்கு சுர்ருன்னு ஏறுது. மன உறுதி இருந்தா போதாதா, முன்ன பின்ன தெரியாதவங்களோட வட்டமா உட்கார்ந்து என்ன ஆகப் போகுது?

பதில்:

முதல்ல 74 நாளுக்கு ஒரு சபாஷ். மரியாதைக்காக சொல்லல. குடியை விட்ட புதுசுல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கடிகார முள் நகரவே நகராதுன்னு எத்தனையோ பேர் என் எதிர்ல உட்கார்ந்து சொல்லியிருக்காங்க, அந்த மாதிரி எழுபத்தி நாலு சாயங்காலத்தை தாண்டி வந்திருக்கீங்க. தூக்கம் இன்னும் ஒழுங்கா வராது, காரணமே இல்லாம எரிச்சல் வரும். உடம்பும் மூளையும் நிதானத்துக்கு வர மாசக்கணக்குல ஆகும், அதுக்கெல்லாம் பயந்துடாதீங்க.

கேள்விக்கு வர்றேன். சாமி நம்பிக்கை வேணுமான்னா வேண்டாம். மன உறுதி மட்டும் போதுமான்னா போதாது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மன உறுதி உங்களுக்கு இல்லன்னு நான் சொல்லவே மாட்டேன். தினமும் குடிக்கிறது என்ன சாதாரண வேலையா? மறுநாள் காலையில தலை வெடிக்க எழுந்து குளிச்சு வேலைக்கு ஓடணும், பக்கத்துல நிக்கிறவங்களுக்கு வாடை தெரியாம மூச்சை அடக்கி பேசணும், காசு எங்க போச்சுன்னு வீட்டுல ஒரு கணக்கு வெளிய ஒரு கணக்கு சொல்லணும், எந்த பொய்யை யார்கிட்ட சொன்னோம்னு ஞாபகம் வேற வச்சிருக்கணும். இதையெல்லாம் வருஷக்கணக்குல ஓட்டினவர்கிட்ட உறுதிக்கு பஞ்சம் இல்ல. ஆனா குடிநோய் வந்தவரோட மனசு பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன்ங்கற கதை. குடிக்கக் கூடாதுன்னு முடிவெடுக்கறதும் அதே மண்டைதான், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பரவாயில்லன்னு வக்காலத்து வாங்கறதும் அதே மண்டைதான். கிரேவிங், அதாவது குடிச்சே ஆகணும்ங்கற வெறி, வர்ற நேரத்துல அந்த வக்கீல் பேசற அளவுக்கு வேற யாருமே பேச முடியாது. "74 நாள் இருந்துட்டேன்ல, அப்ப எனக்கு கன்ட்ரோல் இருக்குன்னுதானே அர்த்தம், ஒன்னே ஒன்னு போட்டா என்ன?" இந்த வசனம் உங்களுக்கு இன்னும் வரலன்னா சீக்கிரம் வரும், வந்திருந்தா நீங்க யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டீங்க. தனியா இருக்கிறவனுக்கு அந்த வக்கீல் மட்டும்தான் துணை, குறுக்கு விசாரணை பண்ண எதிர்ல ஆளே கிடையாது.

நான் இந்த குடிநோய் சிகிச்சை தொழிலுக்கு வந்த புதுசுல நடந்த ஒன்னை சொல்றேன், ஆள் அடையாளத்தை மாத்தியிருக்கேன். ஒருத்தர் ரெண்டாவது தடவையா ட்ரீட்மெண்டுக்கு வந்திருந்தார். அவரை எதிர்ல உட்கார வச்சு முக்கால் மணி நேரம் ஈரல், மூளை, குடும்பம், வேலைன்னு படம் எல்லாம் போட்டு விளக்கினேன், எனக்கே என் மேல பெருமையா இருந்துச்சு. அவரும் "சரி சார், சரி சார்"னு தலையாட்டினார். இப்ப வீட்டுல சரக்கு ஏதாவது இருக்கான்னு கேட்டேன், சத்தியமா இல்ல சார்ன்னார். நானும் நோட்டுல இல்லன்னு எழுதிகிட்டேன். அவர் வெளிய பெஞ்சுல போய் உட்கார்ந்தார், பக்கத்துல பதினோரு வருஷமா குடிக்காம இருக்கிற ஒரு பழைய ஆள், வாரம் ஒரு தடவை புதுசா வர்றவங்களை பார்க்க வருவார். அவர் எந்த முன்னுரையும் இல்லாம, "நான் வாஷிங் மிஷின் பின்னாடி வச்சிருந்தேன், நீ எங்க வச்சிருக்க?"ன்னார். இவர் திரும்பி அவர் மூஞ்சியை ஒரு நிமிஷம் பார்த்துட்டு குபுக்குன்னு சிரிச்சார். "தண்ணி டேங்க் மூடிக்கு அடியில"ன்னார். அப்புறம் சிரிப்பு அப்படியே அழுகையா மாறுச்சு. நான் கதவு பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தேன், கையில 'இல்ல'ன்னு எழுதின நோட்டு.

என் முக்கால் மணி நேரத்துக்கு கிடைக்காதது அந்த ஒத்தை கேள்விக்கு எப்படி கிடைச்சுது? நான் அவரை கேவலமா எல்லாம் பார்க்கல. ஆனா நான் மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன், எனக்கு அந்த பொய் தெரியாது. பெஞ்சுல இருந்தவருக்கு அந்த பொய் தாய்மொழி மாதிரி. அதுவும் அவர் கேள்வியை தன் பொய்யில இருந்து ஆரம்பிச்சார் பாருங்க, வெட்கப்பட வேண்டிய வேலையை முதல்ல தானே முடிச்சுட்டார், அதுக்கப்புறம் இவருக்கு மறைக்க என்ன இருக்கு. குடிநோயில உடம்பு படற பாடு ஒரு பங்குன்னா இந்த வெட்கம் படுத்தற பாடு மூணு பங்கு. ஒளிச்சு வைக்க வைக்க வெட்கம் வளரும், வளர வளர அதை மறக்க இன்னொரு கிளாஸ்.

இது நான் கண்டுபிடிச்ச தத்துவம் கிடையாது. அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல ஏக்ரன்னு ஒரு ஊர், 1935 மே மாசம், ஒரு சனிக்கிழமை, ஒரு ஹோட்டல் லாபி. பில் வில்சன்னு நியூயார்க்ல பங்குச்சந்தை வேலை பார்த்தவர், குடியை விட்டு சரியா அஞ்சு மாசம். எந்த பிசினஸ் காரியமா வந்தாரோ அது ஊத்திக்கிச்சு, கையில காசு கம்மி, ஊர்ல தெரிஞ்சவங்க கிடையாது. லாபியோட ஒரு கோடியில பார், அங்கிருந்து பேச்சும் சிரிப்புமா சத்தம் வருது. இன்னொரு கோடியில டெலிபோன், பக்கத்துல சர்ச்சுகளோட லிஸ்ட். மனுஷன் டெலிபோன் பக்கம் போனார். ஒவ்வொரு நம்பரா போட்டு அவர் கேட்டது என்ன தெரியுமா, எனக்கு உதவி பண்ணுங்கன்னு இல்ல, இந்த ஊர்ல குடியில சிக்கி தவிக்கிற ஆள் யாராவது இருந்தா சொல்லுங்க, நான் அவர்கிட்ட பேசணும்னு. ஏன்னா அதுக்கு முன்னாடி அஞ்சு மாசம் நியூயார்க்ல குடிக்கிறவங்களை எல்லாம் தேடிப் பிடிச்சு திருத்தப் பார்த்து ஒருத்தர் கூட திருந்தல, நொந்து போய் மனைவிகிட்ட புலம்பினப்ப அந்தம்மா, மத்தவங்க திருந்தலன்னா என்ன, நீங்க குடிக்காம இருக்கீங்களேன்னு சொன்னாங்களாம். அடுத்தவனுக்கு கை கொடுக்கறப்ப தன் கால் நிக்குதுன்னு அவருக்கு அப்படித்தான் உறைச்சுது.

போன் சுத்தி சுத்தி பாப் ஸ்மித்ன்னு ஒரு சர்ஜன்கிட்ட கொண்டு விட்டுச்சு. மறுநாள் சந்திப்பு. டாக்டருக்கு முந்தின நாள் குடிச்ச தலைவலி, கால் மணி நேரம்தான் இருப்பேன்னு சொல்லிட்டு வந்தவர் ராத்திரி வரைக்கும் எழுந்திருக்கல. பில் அவருக்கு புத்தி சொல்லல, தன் கதையை சொன்னார், அவ்வளவுதான். குடியைப் பத்தி பட்டுத் தெரிஞ்சுகிட்ட ஒருத்தர் வாயால அன்னைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்னு டாக்டர் பின்னாடி எழுதியிருக்கார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்த கதை இதுதான். 1965-ல ஃப்ராங்க் ரீஸ்மன்ங்கற ஆய்வாளர் இதுக்கு 'உதவுபவரே குணமாகும் தத்துவம்'ங்கற மாதிரி ஒரு பேர் வச்சு கட்டுரையே எழுதினார், ஆனா அந்த லாபியில நின்னவருக்கு அது முப்பது வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு.

சரி, அதுல எங்கிருந்து சாமி வந்துச்சு? அந்த ஆரம்ப காலத்து ஆட்கள் ஆக்ஸ்ஃபோர்ட் குரூப்ன்னு ஒரு கிறிஸ்தவ இயக்கத்துல இருந்து கொஞ்சம் வழக்கங்களை எடுத்துகிட்டாங்க, அந்த வாசனை இன்னைக்கு வரைக்கும் இருக்கு, இல்லன்னு சொல்ல முடியாது. கார்ல் யுங், சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர், அவருக்கும் இதுல ஒரு பங்கு உண்டு, 1961-ல பில் வில்சனுக்கு எழுதின கடிதத்துல லத்தீன்ல சாராயத்துக்கும் ஆன்மாவுக்கும் ஒரே சொல்தான் இருக்குன்னு சுட்டிக் காட்டி, குடிக்கிறவனோட தாகம் உண்மையில ஒரு முழுமைக்கான தாகம்னு எழுதினார். எனக்கு அது கொஞ்சம் தூக்கலா படுது. ஆனா குடிச்சப்ப உங்களுக்கு கிடைச்சது வெறும் போதையா, இல்ல நாலு பேரோட ஒட்டிகிட்ட மாதிரி, மனசுல இருந்த பாரத்தை யாரோ இறக்கி வச்ச மாதிரி ஒன்னான்னு உங்களையே கேட்டுப் பாருங்க, யுங் சொன்னதுல கொஞ்சம் நிஜம் இருக்குன்னு தோணும்.

உங்க சண்டை புது சண்டையும் இல்ல. 1939-ல வெளிவந்த ஏஏ புத்தகத்துக்காக, குடியில இருந்து மீள்றதுக்கான பன்னிரண்டு படிகளை எழுதறப்பவே உள்ளுக்குள்ள நம்பிக்கை இல்லாத ஆட்கள் இருந்தாங்க, அவங்க மல்லுக்கட்டினதாலதான் கடவுள்ங்கற சொல்லுக்கு பக்கத்துல 'நாங்க புரிஞ்சுகிட்ட விதத்துல'ங்கற அர்த்தத்துல ஒரு வால் ஒட்டினாங்க. உறுப்பினராக வேண்டிய ஒரே தகுதி குடியை நிறுத்தணும்ங்கற ஆசைன்னு அவங்க மரபுலயே இருக்கு, அதுல சாமி பேச்சே கிடையாது. நம்பிக்கை இல்லாத எத்தனையோ பேர் அந்த வட்டத்தையே உயர்சக்தியா வச்சுகிட்டு வருஷக்கணக்குல குடிக்காம இருக்காங்க. எனக்கும் சாமி விஷயத்துல பெரிய பிடிப்பு இல்ல, அதனால என் காதுல 'ஒப்படைச்சிடு'ங்கறது எப்படி விழுதுன்னா, இன்னைக்கு ராத்திரி குடிக்கறதா வேண்டாமாங்கற முடிவை நான் மட்டும் தனியா உட்கார்ந்து எடுக்கப் போறதில்ல, எனக்கு முன்னாடி இந்த வழியில நடந்தவங்ககிட்ட கேட்டுத்தான் எடுப்பேன், அவ்வளவுதான். பிரார்த்தனை வந்தா சும்மா நில்லுங்க, வாயை அசைக்கவே வேண்டாம். நடிக்கிறதுதான் உங்களுக்கு ஆகாத விஷயம், ஆறு வருஷம் அதைத்தானே பண்ணீங்க.

அந்த படிகள்ல நம்பிக்கை பத்தின பேச்சை தள்ளி வச்சுட்டு பார்த்தா மிச்சம் இருக்கறது எல்லாம் செயல். என்னால தனியா முடியலன்னு வாய் விட்டு சொல்றது, தன்னைப் பத்தி ஒரு கணக்கெடுப்பு எழுதறது, அதை இன்னொரு மனுஷர்கிட்ட மறைக்காம படிச்சு காட்டறது, யாருக்கு கெடுதல் பண்ணோமோ அவங்களுக்கு சரிக்கட்டறது, தினமும் ராத்திரி இன்னைக்கு எங்க தப்பு பண்ணேன்னு பார்க்கறது, அடுத்து வர்றவனுக்கு கை கொடுக்கறது. ஆன்மிகம்னு அவங்க சொல்றது இதைத்தான். நேர்மை, பணிவு, மன்னிப்பு கேட்கறதுன்னு பேர் வச்சா பள்ளிக்கூட சுவர்ல எழுதி வச்ச மாதிரி இருக்கும், ஆனா ஒரு நோட்டுல எழுத உட்கார்ந்தா தெரியும், கை ஓடாது.

அந்த கணக்கெடுப்பை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா உங்க கடிதத்துல இருக்கற நிஜமான ஆபத்து எனக்கு தெரிஞ்சது அங்கதான். பேப்பர்ல கோடு போட்டு முதல் பத்தியில யார் மேல கோபம்னு எழுதணும். ரெண்டாவதுல ஏன். மூணாவதுல அது என்னோட எதை சுட்டுச்சு, பணத்தையா, மானத்தையா, பயத்தையா. கடைசி பத்திதான் வில்லங்கம், அதுல என் பங்கு என்னன்னு எழுதணும். நீங்க எழுதினா முதல் பத்தியில மனைவி பேர் வரும். ரெண்டாவதுல, கிட்ட வந்து மோந்து பார்க்கறா. மூணாவதுல, மானம். 74 நாள் இவ்வளவு கஷ்டப்பட்டும் நம்பலையேன்னு. நாலாவதுல என்ன எழுதுவீங்க? ஆறு வருஷம் அந்த அம்மா தினமும் கதவு திறக்கும்போது இன்னைக்கு எந்த ஆள் உள்ள வரப் போறார்னு தெரியாம நின்னிருக்காங்க. மோந்து பார்க்கறது அவங்களுக்கு சந்தேகம் மட்டும் இல்ல, அந்த ஆறு வருஷத்துல உயிரோட சமாளிக்க கத்துகிட்ட வித்தை, கை தானா கண்ணை மறைக்கிற மாதிரி அது தானா நடக்குது. இதை நான் சொன்னா உங்களுக்கு கோபம் வரலாம், வரட்டும். ஆனா இதையே மீட்டிங்ல ஒருத்தர், "என் வீட்டுக்காரி மூணு வருஷம் மோந்து பார்த்தா, ஒருநாள் பார்க்காம விட்டா, அன்னைக்கு நான் பாத்ரூம்ல போய் அழுதேன்"னு சொன்னா உங்களுக்கு கேட்கும்.

சுர்ருன்னு ஏறுதுன்னு எழுதியிருக்கீங்களே, அதை சாதாரணமா விடாதீங்க. குடிநோய்ல இருந்து வெளிய வந்தவங்களுக்கு இந்த மனக்கசப்பு மாதிரி விறகு வேற இல்ல. "நான் குடிச்சாலும் இதே பேச்சு, குடிக்கலன்னாலும் இதே பேச்சு, அப்புறம் எதுக்கு?"ன்னு அந்த வக்கீல் வாதாட இதைவிட நல்ல கேஸ் கிடைக்காது. அதனால சுர்ருன்னு ஏறும்போது அவங்ககிட்ட வாதாடாம யாருக்காவது போன் பண்ணி "இப்படி இருக்கு"ன்னு ரெண்டு நிமிஷம் கொட்டிடுங்க. கிரேவிங்கும் அலை மாதிரிதான், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்கு போய் இறங்கிடும், அந்த அரை மணி நேரத்தை ஓட்ட ஒரு ஆள் வேணும். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலுல ரெண்டு சேர்ந்து வந்தாலே உஷாராயிடணும்னு அங்க பழைய ஆட்கள் சொல்லுவாங்க, அனுபவத்துல நானும் பார்த்திருக்கேன், முக்கால்வாசி ஸ்லிப் கதையில, அதாவது விட்ட குடியை மறுபடி தொட்ட கதையில, இந்த நாலுல ஒன்னு இருக்கும்.

மனைவிகிட்ட இப்பவே உட்கார்ந்து பெரிய மன்னிப்பு உரை நிகழ்த்தாதீங்க. அதை நீங்க குடிச்ச காலத்துலயே ஐம்பது தடவை பண்ணியிருப்பீங்க, அவங்களுக்கு அது பழைய கேசட். சரிக்கட்டறதுங்கற படி எட்டாவது ஒன்பதாவதுல வர்றதுக்கு காரணம் இருக்கு, அதுவும் அவங்களை மறுபடி காயப்படுத்தற மாதிரி இருந்தா பண்ணக் கூடாதுன்னு அந்த படியிலயே இருக்கு. இப்போதைக்கு சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வாங்க, லேட்டானா முன்கூட்டியே சொல்லுங்க, மோந்து பார்த்தா நின்னு காட்டுங்க. அவங்களுக்கும் தனியா இடம் இருக்கு, குடிக்கிறவங்க குடும்பத்துக்குன்னு அல்-அனான் 1951-ல இருந்து நடக்குது, பில் வில்சனோட மனைவி லோயிஸ் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் அதுவும். ஆனா நீங்க போகச் சொல்லி துரத்தாதீங்க, இருக்குன்னு ஒரு தடவை சொல்லிட்டு விட்டுடுங்க.

கதை கேட்டா குடிக்கத் தோணுதுங்கறது பொய் இல்ல, புதுசுல நிறைய பேருக்கு வரும். கிளாஸ் சத்தம், முதல் மிடறு, தொண்டை எரிச்சல்னு யாராவது சொன்னா மூளை பழைய ரீலை ஓட்ட ஆரம்பிச்சிடும், அதுலயும் ஜாலியான பாகத்தை மட்டும்தான் ஓட்டும். ஆனா நீங்க எழுந்து வந்தது பாதியில. கதையோட முதல் பாதி மட்டும்தான் உங்க உடம்புக்குள்ள இருக்கு. போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, மகளோட பிறந்தநாளை மறந்தது, அப்புறம் எப்படி வெளிய வந்தேன்ங்கற ரெண்டாவது பாதியை கேட்காம கிளம்பி வந்து ரோட்டுல தனியா நடந்திருக்கீங்க. அடுத்த தடவை எழுந்து போகத் தோணினா போகாம கையைத் தூக்கி, "இதை கேட்கறப்ப எனக்கு குடிக்கத் தோணுது"ன்னு அப்படியே சொல்லுங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க. சிரிச்சா அது தனக்கும் அப்படி இருந்துச்சேன்னு வர்ற சிரிப்பா இருக்கும்.

இதெல்லாம் சும்மா நம்பிக்கை பேச்சா, ஆதாரம் இருக்கான்னு கேட்பீங்க, உங்க மாதிரி ஆள் கேட்கணும். 2020-ல காக்ரேன்ங்கற ஆய்வு அமைப்பு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரை, சேர்த்து வச்சு பார்த்துச்சு. ஆட்களை ஏஏவோட முறையா இணைச்சு விடற சிகிச்சையில ஒரு வருஷம் கழிச்சு துளி கூட குடிக்காம இருந்தவங்க 42 சதவீதம், சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாத்தற பேச்சு சிகிச்சை) மாதிரி மத்த சிகிச்சைகள்ல 35 சதவீதம். குடியோட அளவு குறையற மாதிரியான மத்த விஷயங்கள்ல ரெண்டும் கிட்டத்தட்ட சமம்தான். பெரிய அற்புதம்னு சொல்ல முடியாது, ஆனா காசு வாங்காம அக்கம்பக்கத்து ஆட்கள் நடத்தற ஒரு விஷயம் படிச்சுட்டு வந்த எங்க வேலைக்கு சமமா, ஒரு விஷயத்துல மேலயும் நிக்குதுன்னா நான் தொப்பியை கழட்டித்தான் ஆகணும். அது எதனால வேலை செய்யுதுன்னு தோண்டினவங்களும் முதல்ல காட்டறது பிரார்த்தனையை இல்ல, கூட இருக்கற ஆட்கள் மாறறதைத்தான். குடிக்கிற சேக்காளி குறைஞ்சு குடிக்காத சேக்காளி கூடறது, குடிக்கச் சொல்ற இடத்துல என்னால மறுக்க முடியும்ங்கற தெம்பு வர்றது.

அதே சமயம் கண்ணை மூடிகிட்டு போகச் சொல்லல. எல்லா குரூப்பும் ஒரே மாதிரி இருக்காது. சில இடத்துல ஒரே ஆள் அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணுவார், சில இடத்துல சாமி பேச்சு தூக்கலா இருக்கும், சில இடத்துல எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். மூணு தடவை ஒரே இடத்துக்கு போனீங்கன்னா வேற ரெண்டு இடம் பாருங்க, ஆன்லைன்லயும் நடக்குது, சாமி பேச்சே வேண்டாம்னா ஸ்மார்ட் ரிகவரி மாதிரி 1994-ல இருந்து நடக்கற அமைப்புகளும் இருக்கு. யாராவது காசு கேட்டாலோ, தனியா வரச் சொல்லி சங்கடமா நடந்துகிட்டாலோ அங்க இருக்காதீங்க. முக்கியமா, மாத்திரை போடறவன் நிஜமா குடியை விட்டவன் இல்லன்னு யாராவது சொன்னா ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுடுங்க, உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாதுன்னு ஏஏவே சொல்லியிருக்கு. நால்ட்ரெக்ஸோனோ அகாம்ப்ரோசேட்டோ எது எழுதிக் கொடுத்திருந்தாலும் அதை கூட்டறதும் குறைக்கறதும் உங்க டாக்டர் மட்டும்தான்.

ஒருவேளை சறுக்கிட்டா? ஏஏ தன் பிறந்தநாளா கொண்டாடறது 1935 ஜூன் 10. அது பில்லும் பாபும் சந்திச்ச நாள் இல்ல. சந்திச்சு சில வாரம் கழிச்சு டாக்டர் பாப் ஒரு மருத்துவ மாநாட்டுக்கு போன இடத்துல மறுபடி குடிச்சுட்டார், திரும்பி வந்து கடைசி தடவையா குடிச்ச நாள்னு ஏஏ வழக்கமா சொல்றது அதைத்தான். நிறுவினவரே சறுக்கிட்டு வந்து உட்கார்ந்த நாற்காலி, அதனால உங்களுக்கு அங்க இடம் இல்லாம போகாது. 74 அழிஞ்சு ஒன்னாயிடுமேங்கற வெட்கத்துல மீட்டிங் பக்கமே போகாம இருந்துடறதுதான் நான் பார்த்ததுல நிறைய பேரை கவிழ்த்தது. ஒரே ஒரு எச்சரிக்கை, மறுபடி சில நாள் தொடர்ந்து குடிச்சுட்டீங்கன்னா வீட்டுல உட்கார்ந்து நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க. நிறுத்தின ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டாவது மூணாவது நாள்ல இல்லாதது கண்ணுக்கு தெரியறது, காய்ச்சல், குழப்பம்னு உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம், அதுக்கு மீட்டிங் போதாது, ஆஸ்பத்திரிதான்.

இப்ப அந்த துண்டு பேப்பர். பர்ஸ்ல இருந்து எடுத்து நம்பரை போன்ல ஏத்துங்க, பேப்பர் நனைஞ்சா போச்சு. இன்னைக்கு சாயங்காலம், குடிக்கத் தோணாத நேரமா பார்த்து, ஒரு தடவை கூப்பிடுங்க. தோணும்போது கூப்பிட்டுக்கலாம்னு எல்லாரும் நினைப்பாங்க, ஆனா தோணும்போது அந்த போன் பத்து கிலோ கனமாயிடும், அதனால சாதாரண நேரத்துல ஒரு தடவை பேசி பழகி வச்சுக்கணும். என்ன பேசறதுன்னு யோசிக்காதீங்க, "அன்னைக்கு பாதியில எழுந்து போனேனே, அந்த ஆள்தான்"னு சொல்லுங்க, மிச்சத்தை அவர் பேசிப்பார். வாசல் வரைக்கும் பின்னாடி வந்தது உங்களுக்காக மட்டும் இருக்காது, உங்க போன் வந்தா அவருக்கும் அன்னைக்கு பொழுது ஒழுங்கா போகும். எடுக்கலன்னா மறுநாள் மறுபடி பண்ணுங்க.